மடத்துக்கு வந்த பழஞ்சித்திரம்

கொடை இருவகைப்படும். கொடுப்போர் தாம் கொடுக்கும் பொருளின் பெறுமதியை அறிந்து கொடுப்பது ஒன்று; அறியாது கொடுப்பது மற்றொன்று. பெறுவோரும் அவ்வாறே அறிந்து பெறுதலும் உண்டு, அறியாது பெறுதலும் உண்டு. இரு பாலாரும் அறியாதிருந்தும், அக்கொடை அறுபது ஆண்டுகளின் பின்னர் ஒரு நாட்டின் பெருஞ் செல்வமாக விளங்கிய வரலாறு ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் லீசன் வீதி என்றொரு வீதி உளது. அங்கே இயேசு சபைத் துறவியர் வாழும் இல்லம் ஒன்று இருக்கின்றது. நம் வழக்கில் மடம் எனத் தகும் அவ்வில்லத்தின் உணவு மண்டபச் சுவரில், 1930களில் அன்பளிப்பாக வந்த பழைய சமயச் சித்திரம் ஒன்று தொங்கியது. துறவியர் அதன் கீழமர்ந்து உண்டனர். விருந்தினர் அதனை நோக்கிச் சென்றனர். அது யார் கைவண்ணம் என்பதை 1990ஆம் ஆண்டு வரை ஒருவரும் உணர்ந்திலர். அச்சித்திரமே, இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1602இல் தீட்டிய ‘கிறிஸ்துவைப் பற்றுதல்’ என்பதாகும்.

ஒரு பழம்பொருள் இன்னதென நாம் அறிவது எவ்வாறு? அறிந்தபின் அதனை என் செய்தல் தகும்? இவ்விரு வினாக்களுக்கும் இவ்வரலாறு விடை தருகின்றது.

சித்திரத்தின் பொருள்

மைக்கலாஞ்சலோ மெரிசி என்பது கரவாஜியோவின் இயற்பெயர். 1571இல் பிறந்து, முப்பத்தெட்டே ஆண்டுகள் வாழ்ந்து, 1610இல் மறைந்தவர். கலகக்காரர் எனவும், கொலைப்பழிக்கு அஞ்சி உரோமை நகரை விட்டோடியவர் எனவும் வரலாறு அவரைக் குறிக்கும். ஆயினும் இருளையும் ஒளியையும் எதிரெதிர் நிறுத்தி உருவங்களை உயிர்பெறச் செய்யும் நெறியில் அவர் ஐரோப்பிய ஓவியத்தையே திசை திருப்பியவர் ஆவர்.

இச்சித்திரம் ஏறத்தாழ 134 சதமமீற்றர் உயரமும் 170 சதமமீற்றர் அகலமும் உடையது. கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டது. கெத்சமனித் தோட்டத்திலே இயேசுநாதர் பிடிபடும் இரவே இதன் பொருள். தோட்டமோ மரங்களோ இங்கே காட்டப்படவில்லை, எங்கும் இருள். அவ்விருளினின்றும் ஏழு பேர் இடை வரை தோன்றுகின்றனர். சீடனாகிய யூதாஸ் குருவின் தோளைப் பற்றி முத்தமிட நெருங்குகின்றான். அம்முத்தமே, பிடிக்கவேண்டியவர் இவர் எனப் படைவீரர்க்கு அவன் காட்டும் அடையாளம். இயேசுநாதர் எதிர்க்கின்றிலர், கண்களைத் தாழ்த்தி, இரு கைவிரல்களையும் கோத்து நிற்கின்றார். இரும்புக் கவசம் பூண்ட வீரனது கை குறுக்கே நீண்டு அவரைப் பற்றுகின்றது. இடப்புறத்தே அருளப்பர் வாய்விட்டு அலறி, கைகளை விரித்து ஓடுகின்றார். பிடிபட்ட அவரது செம்மேலாடை காற்றில் வளைந்து, குருவின் தலைக்கும் சீடன் தலைக்கும் மேலே வில்போல அமைகின்றது.

வலக்கோடியில் விளக்கொன்றை உயர்த்திப் பிடித்து எட்டிப் பார்க்கும் ஒருவன் முகம் தெரிகின்றது. அம்முகம் ஓவியர் தம் முகமே என்பது அறிஞர் கருத்து. ஆயின், அவ்விளக்கின் ஒளியால் இக்காட்சி விளங்கவில்லை. ஒளி இடப்பக்க மேற்புறத்தினின்றும் வருகின்றது. அதன் மூலம் சித்திரத்துக்கு வெளியே உளது. தாம் ஏந்திய விளக்கு இக்காட்சிக்குப் போதாது என ஓவியர் எண்ணினார் போலும்.

உரோமை நகரினின்றும் எடின்பரோ வரை

உரோமை நகரின் செல்வக் குடிகளுள் ஒன்று மத்தேயி குடும்பம். அக்குடும்பத்தவராகிய சிரியாக்கோ மத்தேயி என்பார் இச்சித்திரத்தைத் தீட்டுவித்து, 1603ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் 125 ஸ்கூடி நாணயம் கொடுத்தார். அக்காலத்தே கரவாஜியோ அக்குடும்பத்தாரின் மாளிகையிலேயே தங்கியிருந்தார். பெல்லோரி என்னும் ஆசிரியர் 1672இல் வெளியிட்ட ஓவியர் வரலாற்று நூலில் இச்சித்திரம் விரித்துரைக்கப்பட்டிருக்கின்றது.

காலம் செல்லச் செல்ல ஓவியரின் புகழ் மங்கியது. சித்திரத்தின் பெயரும் மாறியது. 1793ஆம் ஆண்டில் மத்தேயி குடும்பத்தார் எழுதுவித்த பொருட் பதிவேட்டில் அது ஹொந்தோர்ஸ்ற் என்னும் ஒல்லாந்த ஓவியர் வரைந்ததாகக் குறிக்கப்பட்டது. விளக்கொளிக் காட்சிகளை மிகுதியும் தீட்டியமையால் இத்தாலியர் அவரை ‘இரவுகளின் கெரார்தோ’ என அழைத்தனர். இருளும் விளக்கும் கண்ட மாத்திரத்தே எழுதுவோர் அவர் பெயரை இட்டனர் போலும். ஹொந்தோர்ஸ்ற் பிறந்தது 1592இல். இச்சித்திரம் தீட்டப்பட்ட காலத்தே அவர் பத்து வயதளவான சிறுவர்! ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பின் தெளிவாகியிருக்கும் பிழை, பதிவேட்டில் ஏறியபின் இருநூறு ஆண்டுகள் உண்மைபோல் உலாவியது.

1802இல் மத்தேயி குடும்பத்தார் சித்திரங்கள் சிலவற்றை விற்றனர். ஸ்கொத்லாந்துச் செல்வராகிய வில்லியம் ஹமில்ற்றன் நிஸ்பெற் இதனையும் வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவர் வழியினரிடம் இருந்து, 1921இல் எடின்பரோ நகரில் ஏலத்துக்கு வந்தது. அப்போதும் ஹொந்தோர்ஸ்ற் பெயரே அதனுடன் சென்றது.

கொடையாளர்

அந்நாளில் அயர்லாந்தில் விடுதலைப் போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. பேர்சிவல் லீ வில்சன் என்பார் பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த அயர்லாந்துக் காவற்படையில் மாவட்டப் பரிசோதகராக இருந்தவர். 1916ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பிடிபட்டோரை அவர் இழிவுபடுத்தினார் என்னும் குற்றச்சாட்டு இருந்தது. 1920ஆம் ஆண்டு யூன் 15ஆம் நாள் கோறி என்னும் ஊரில் விடுதலைப் படையினர் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

அவர்தம் மனைவியார் மேரி லீ வில்சன். கணவரை இழந்த துயரில் அவருக்கு ஆறுதலாக நின்றோர் இயேசு சபைத் துறவியர். அவர் துயரத்துள் மூழ்கிவிடவில்லை. முப்பது வயது கடந்தபின் மருத்துவக் கல்வியில் இறங்கி, டப்ளின் திரினிற்றிக் கல்லூரியிற் பயின்று, 1928இல் பட்டம் பெற்று, சிறுவர் மருத்துவமனையிற் பணி புரிந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அருகியிருந்த காலம் அது. 1920களில் அவர் இச்சித்திரத்தை ஸ்கொத்லாந்திலே வாங்கினார். 1930களில், தமக்குத் துணை நின்ற நன்றியை நினைந்து லீசன் வீதித் துறவியர்க்கு வழங்கினார்.

அவர் வழங்கியது ஹொந்தோர்ஸ்ற் பெயர் பூண்ட பழஞ்சித்திரம் ஒன்றையே. அதற்குமேல் அதன் பெருமையை அவர் அறியார். ஆயின், ஒருவன் காட்டிக்கொடுக்க, மற்றொருவன் கவசக் கையால் பற்ற, பிறிதொருவன் அஞ்சி ஓட, நடுவே நிற்பவர் விரல் கோத்து அமைதி காக்கும் அக்காட்சியை, அந்நாட்டுப் பூசலிலே கணவரைப் பறிகொடுத்த பெண் ஒருவர் தம்மிடம் வைத்திருந்து பின்னர்த் துறவியர்க்கு ஈந்தார் என்பது நினைந்து போற்றத்தக்கது. விலைப்பட்டியலில் ஏறாத பெறுமதி அது.

மூலத்தைக் கண்ட மூவகை அளவை

பொருளை அறியும் வாயில்களைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுப்பது நம் அளவை நூலார் மரபு. கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி. புகையைக் கண்டு தீயுண்டெனத் துணிவது கருதல். நம்பத்தகுந்தார் கூற்றால் அறிவது உரை. டப்ளின் சித்திரத்தின் உண்மை இம்மூன்றும் கூடியே விளங்கியது.

முதலாவது, காட்சி. 1990ஆம் ஆண்டு ஓகஸ்து மாதத்தில், இல்லத்திலுள்ள சித்திரங்களைப் பழுது பார்த்தல் பற்றித் துறவியர் அயர்லாந்துத் தேசிய ஓவியக்கூடத்தாரின் ஆலோசனையை நாடினர். வந்தவர் அங்கே சித்திரப் பாதுகாப்பாளராகப் பணியாற்றிய இத்தாலியர் செர்ஜியோ பெனதெத்தி. பழுப்பேறிய வார்னிசும் அழுக்கும் சித்திரத்தை மூடியிருந்தன. எனினும் பல்லாண்டுகள் கரவாஜியோவின் ஓவியங்களிலே பழகிய கண், அவ்வழுக்கின் கீழும் கையை இனங்கண்டது. அவர் உடனே பறைசாற்றவில்லை. சித்திரம் கூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆராய்ச்சி மூன்று ஆண்டுகள் அமைதியாக நடந்தது.

இரண்டாவது, உரை. இதற்குச் சிறிது முன்னர், 1989இல், பிரான்செஸ்கா கப்பெல்லெத்தி, லவுரா தெஸ்தா என்னும் இரு இளம் ஆராய்ச்சியாளர் இத்தாலியின் ரெக்கனாத்தி என்னும் சிற்றூரில் மத்தேயி குடும்பத்தாரின் பழைய ஏடுகளைப் புரட்டினர். சிரியாக்கோவின் கணக்கேட்டில் 125 ஸ்கூடி கொடுத்த குறிப்பை அவர்கள் கண்டனர். தலைமுறைதோறும் எழுதப்பட்ட பதிவேடுகளை ஒப்பிட்டு, ஹொந்தோர்ஸ்ற் பெயர் புகுந்த இடத்தையும் கண்டனர். அவ்வழியே ஸ்கொத்லாந்து வரை தொடர்ந்த சுவடு, 1921ஆம் ஆண்டு எடின்பரோ ஏலத்தோடு நின்றுவிட்டது. டப்ளின் சித்திரத்தின் சுவடோ எடின்பரோவிலிருந்தே தொடங்குகின்றது. ஒரு முனை அறுந்த கயிறும் மறு முனை அறுந்த கயிறும் ஒரே ஊரிற் பொருந்தின.

மூன்றாவது, கருதல். எக்ஸ் கதிர் முதலியவற்றின் துணையால் வண்ணப் படையின் உள்ளே நோக்கியபோது, ஓவியர் தாம் தீட்டியதைத் தாமே மாற்றிய இடங்கள் தென்பட்டன. யூதாசின் காது முதலில் ஓரிடத்தில் வரையப்பட்டு, பின்னர் வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டிருந்தது. பார்த்து வரைபவனுக்கு இவ்வையம் எழாது. காது எங்கே இருக்கவேண்டுமென அவன் முன்னுள்ள மூலமே சொல்லிவிடும். எண்ணி எண்ணி வரைபவனுக்கே மாற்றம் வேண்டியதாகும். புகையால் தீயை அறிவதுபோல, திருத்தத்தால் மூலத்தைத் துணிந்தனர். கரவாஜியோ முன்கோட்டோவியம் வரைந்து வைத்ததாகச் சான்று ஒன்றும் கிடையாமை இத்துணிபுக்கு ஒத்ததே. அவர் கித்தான் மேலேயே நேராக எண்ணியவர்.

பிரதியும் மூலமும்

இச்சித்திரத்துக்குப் பிரதிகள் பல உள. அவற்றுள் ஒன்று உக்ரேன் நாட்டு ஒடெசா நகர நூதனசாலையில் இருந்தது. 2008இல் திருடப்பட்டு 2010இல் செருமனியில் மீட்கப்பட்டது. பிரதிகள் பல இருக்கும்போது மூலம் எதுவென்று தெளிதல் எத்துணைக் கடினம் என்பதை ஏட்டுச்சுவடி ஆராய்ந்தோர் நன்கறிவர். நம் சிறுப்பிட்டி ஈன்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சங்க நூல்களை அச்சேற்ற முற்பட்ட காலத்தே, ஓரேட்டிலுள்ளது மற்றோரேட்டில் இல்லாமலும், உள்ளதும் பாடம் வேறுபட்டும் இருக்கக் கண்டு பட்ட பாட்டை அவர்தம் பதிப்புரைகள் கூறும். சுவடிப் பதிப்பாசிரியருக்கு மூலவாசிரியர் கையெழுத்து கிடைப்பதில்லை. பிரதிகளின் வாயிலாகவே மூலத்தை நோக்கிச் செல்லல் வேண்டும். சித்திரம் ஆராய்வோர்க்கோ மூலவர் கை பட்ட பொருளே கிடைத்தலும் கூடும். ஆயினும் இரு சாராருக்கும் வேண்டுவன ஒன்றே: ஒப்பிடும் பொறுமை, ஒரு சான்றையே நம்பி அவசரப்படாமை, பழைய பெயர் என்பதற்காக அதனை உண்மையெனக் கொள்ளாமை.

உணவு மண்டபத்தில் ஒருவர் கண்டு துணிந்ததோடு நின்றிருப்பின் அது வெறும் அபிப்பிராயமாகவே இருந்திருக்கும். ரெக்கனாத்தி ஏடுகள் மட்டும் கிடைத்திருப்பின் பொருளில்லாத பெயராக நின்றிருக்கும். ஏடு பொருளுக்கும், பொருள் ஏட்டுக்கும், கண் இரண்டுக்கும் துணையாயின.

பெற்றவர் கொடையாளர் ஆயினமை

இனி, இரண்டாவது வினாவுக்கு வருவோம். உலகிலே கரவாஜியோவின் ஓவியங்கள் சிலவே எஞ்சியுள்ளன. இதனை விற்றிருப்பின் துறவியர்க்குப் பெரும் பொருள் வந்திருக்கும். பள்ளிக்கூடம் நடத்துவோர்க்கும் ஏழைகளைப் பேணுவோர்க்கும் பணம் வேண்டாததன்று. விற்றிருந்தாலும் குறை கூறுதற்கில்லை. ஆயின் அவர்கள் விற்றிலர். உணவு மண்டபத்திலேயே வைத்துப் பூட்டியும் காத்திலர். உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, கால வரையறையின்றி இரவலாக அதனை அயர்லாந்துத் தேசிய ஓவியக்கூடத்துக்கு அளித்தனர். 1993ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அது பொதுமக்கள் முன்னிலையில் வைக்கப்பட்டது. அந்நாளைக் காணக் கொடையாளர் உயிரோடு இருந்திலர். ஆயினும் அவர் பெயர் மறக்கப்படவில்லை. லீசன் வீதித் துறவியரின் இரவல் என்பதோடு, காலஞ்சென்ற மருத்துவர் மேரி லீ வில்சனின் வள்ளன்மைக்கு அத்துறவியர் நன்றி கூறுகின்றனர் என்பதும் சித்திரத்துக்குரிய குறிப்பிலே பொறிக்கப்பட்டுள்ளது.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்று. பொருளின் விலை உயர்ந்தபோது கொடையின் தன்மை மாறவில்லை. நன்றிக்காக ஒருவர் சிலருக்குக் கொடுத்தார். அச்சிலர் அதனைப் பலருக்குக் கொடுத்தனர். பெற்றவரே கொடையாளர் ஆயினர். முதற் கொடையாளரின் பெயரை முன்னிறுத்தியமையால் கொடை அறாது தொடர்கின்றது. ஒரு நிறுவனம் தனக்கு வந்த பொருளின் உரிமையாளர் மட்டுமன்று, காவலாளருமாகும் என்னும் உண்மையை இதனிலும் தெளிவாகக் காட்டுவது அரிது.

நமக்குரிய பாடம்

கரவாஜியோவின் சித்திரம் நம்மூர்ச் சுவர்களில் தொங்கும் என்று நாம் கூறவில்லை. ஆயின், நம் கல்லூரிகளிலும் கோயில்களிலும் மடங்களிலும் சபைகளிலும் முன்னோர் அளித்த பொருள்கள் எத்தனை உள! தாபகரின் எண்ணெய் வண்ணப் படம், கோயிலுக்கு ஒருவர் தந்த தஞ்சாவூர்ப் படம், சித்திரந் தீட்டிய திரைச்சீலை, ஏட்டுச்சுவடி, பெயர் பொறித்த குத்துவிளக்கு ஆகியவற்றுள், கொடுத்தவர் யார், கொடுத்த ஆண்டு யாது, எதன்பொருட்டுக் கொடுத்தார் என எழுதி வைக்கப்பட்டவை எத்தனை?

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் மாதத் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. பிரதி உள்ளவை மீண்டும் கிடைக்கலாம்; பிரதியில்லாதவை மீளா. ரெக்கனாத்தியில் ஒரு பழைய கணக்கேடு எஞ்சியிருந்தமையால் ஒரு சித்திரம் தன் பெயரைப் பெற்றது. அக்கணக்கை எழுதியவர், நானூறு ஆண்டுகளின் பின்னர் இது ஒரு வழக்கைத் தீர்க்கும் என்று எண்ணி எழுதினாரல்லர். அன்றாடக் கடமையாகவே எழுதினார். அத்தகைய அன்றாடக் கடமையே நம்மிடம் வேண்டப்படுவது.

ஆதலின், நிறுவனந்தோறும் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி அமைவாம்.

முதலாவது, உள்ள பொருளெல்லாவற்றுக்கும் பதிவேடு ஒன்று எழுதல் வேண்டும். பொருளின் அளவு, நிலை, கொடுத்தவர் பெயர், ஆண்டு என்பவற்றோடு, அது பற்றி முதியோர் சொல்லும் செய்தியையும் சொன்னவர் பெயருடன் குறித்தல் வேண்டும். உறுதியானதையும் ஊகத்தையும் கலந்தெழுதுதல் ஆகாது. பதிவேட்டுக்கு இரு பிரதிகள் செய்து வெவ்வேறிடங்களில் வைத்தல் நன்று. புகைப்படமும் எடுத்து வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பழஞ்சித்திரத்தை நாமே துப்புரவு செய்ய முற்படலாகாது. ஈரத்துணியால் துடைத்தலும், எண்ணெய் பூசுதலும், மங்கிய இடத்துக்குப் புது வண்ணம் அடிப்பித்தலும் அழிவையே தரும். டப்ளினில் அழுக்கு மூடியிருந்த சித்திரம் மீண்டது. அறியாதார் மேலே வரைந்திருப்பின் மீட்டல் எளிதாயிராது. வெயில் படும் சுவர், மாரியில் ஈரம் ஊறும் சுவர், கறையான் ஏறும் இடம், சாம்பிராணிப் புகையும் விளக்குப் புகையும் நேரே படும் இடம் என்பவற்றை விலக்குதல் போதுமான தொடக்கமாகும்.

மூன்றாவது, ஐயம் எழுந்தால் அறிந்தாரை அழைத்துக் கேட்டல் வேண்டும். லீசன் வீதித் துறவியர் செய்த அறிவுடைய செயல்களுள் முதலாவது, ஆலோசனை கேட்டதேயாகும். கேளாதிருந்தால் அச்சித்திரம் இன்றும் உணவு மண்டபத்தில் வேற்றுப் பெயருடன் தொங்கிக்கொண்டிருக்கும்.

நான்காவது, கொடுத்தவர் பெயரை மறைக்கலாகாது. சிறு கொடையாயினும், கொடுத்தவர் எளியவராயினும், அப்பெயர் பொருளோடு செல்லல் வேண்டும்.

கல்லூரி விழா எடுக்கும் இவ்வேளையில் புதிய மண்டபங்கள் எழுதல் மகிழ்ச்சிக்குரியதே. பழைய சுவர்களில் தொங்குவனவற்றையும் ஒருமுறை இறக்கி, தூசி படிந்த பின்புறத்தில் யாதேனும் எழுதப்பட்டுள்ளதா எனப் பழைய மாணவர் பார்த்துக் குறித்துவைப்பாராயின், அதுவும் இவ்விழாவுக்குரிய பணிகளுள் ஒன்றாகும்.